ஆங்கிலத் தினசரிக் குறுக்கெழுத்து: தீம் என்ன என்று பாதியிலேயே பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "ஆங்கில நாளிதழ்ப் புதிரில் சின்னச் சின்ன விடைகளைப் போட்டுவிடுகிறேன். நீளமான நாலைந்து விடைகள் ஒரே தீமில் கோத்திருக்கும் என்கிறார்கள். அது எனக்குப் பிடிபடுவதே இல்லை, புதிர் பாதியில் நின்றுவிடுகிறது. எப்படி அணுகுவது?"

தீம் பிடிபடுவதற்குப் புதிர் முழுவதும் நிரம்பக் காத்திருக்க வேண்டாம். நீள விடைகளில் இரண்டு கிடைத்தால் போதும், மற்றவற்றை அந்த இரண்டை வைத்தே எடுக்கலாம். பலர் நிற்பது ஏனென்றால், தீம் என்பதைக் கடைசியில் பார்த்து ரசிக்க வேண்டிய அலங்காரமாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். புதிரிலேயே பெரிய உதவி அதுதான்.

எவை தீம் விடைகள் என்பதைக் குறிப்புகளைப் படிக்கும் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். அமெரிக்கப் பாணித் தினசரிப் புதிர் 15-க்கு 15, மொத்தம் 225 கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமைப் புதிர் 21-க்கு 21. கறுப்புக் கட்டங்கள் ஏனோதானோ என்று சிதறியிருக்காது. தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே அமைப்புதான் தெரியும். ஆகவே 3-ஆம் வரிசையில் முதல் கட்டத்தில் தொடங்கும் எட்டெழுத்து விடை இருந்தால், 13-ஆம் வரிசையில் கடைசிக் கட்டத்தில் முடியும் எட்டெழுத்து விடை ஒன்று இருந்தே தீரும். ஜோடி சேரும் இரண்டு வரிசை எண்களையும் கூட்டினால் 16 வரும். தீம் விடைகளும் இந்த ஜோடிக் கணக்கிலேயே உட்காரும். நடு வரிசையான 8-ஆவதின் மையத்தில் தனியாக ஒரு நீள விடை இருந்தால் அதன் எழுத்துகள் ஒற்றைப்படையாக இருக்கும். பென்சிலை எடுத்ததும் இடமிருந்து வலம் போகும் விடைகளில் மிக நீளமானவற்றை மட்டும் தேடி, அவற்றின் எண்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது முறை அவைதாம் தீம் விடைகள். எப்போதாவது மேலிருந்து கீழ் போகும் விடைகளிலும் தீம் வைப்பார்கள். அப்போது குறுக்கு வரிசைகளில் நீளமானவை அதிகம் இருக்காது, பார்த்த உடனே தெரிந்துவிடும்.

கிழமையையும் பாருங்கள். நியூயார்க் டைம்ஸில் திங்கள்தான் சுலபம். நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போய்ச் சனிக்கிழமை மிகக் கடினமாகும். வெள்ளியும் சனியும் பெரும்பாலும் தீமே கிடையாது. அந்த இரண்டு நாளும் தீம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வது வீண் வேலை. வியாழன் குறும்புக்கென்றே ஒதுக்கிய நாள், அதற்குப் பிறகு வருகிறேன். பழகும் காலத்தில் அன்றைய புதிரைத்தான் போட வேண்டும் என்று ஒன்றுமில்லை. பழைய திங்கட்கிழமைப் புதிர்களை எடுத்து வரிசையாகப் போடுங்கள். ஒரு வியாழனோடு மல்லுக்கட்டுவதைவிட அதில் அதிகம் கற்கலாம்.

நீள விடைக்குள் எழுத்து விழ வேண்டுமென்றால் அதை வெட்டும் சிறு விடைகள் வேண்டும். இந்தப் பாணியில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் ஒரு குறுக்கு விடையிலும் ஒரு நெடுக்கு விடையிலும் இருக்கும் என்பது பெரிய சௌகரியம். எந்த விடைக்கும் மூன்று எழுத்துக்குக் குறையாது. இப்படி இறுக்கமாகப் பின்ன வேண்டியிருப்பதால், புதிர் அமைப்பவர்கள் உயிரெழுத்து நிறைந்த சில சொற்களை விடாமல் பயன்படுத்துவார்கள். ஓரியோ பிஸ்கட், ஏரியா, கற்றாழைக்கு அலோ, ஓபோ என்ற ஊதுகருவி, ஈரி ஏரி, எப்பே என்ற வாள். ஆங்கிலத்தில் இவை எல்லாமே நாலெழுத்து, எல்லாவற்றிலும் மூன்று உயிர். இப்படி ஒரு ஐம்பது சொல் மனப்பாடமானாலே திங்கட்கிழமைப் புதிரின் ஓரங்கள் தாமாக நிரம்பும். ஆனால் மனப்பாடம் காலை வாரிவிடவும் செய்யும். நாலெழுத்து வாள் என்றதும் எப்பே என்று மையில் எழுதிவிட்டால், அது ஃபாயிலாக இருக்கும்போது நான்கு கட்டமும் தவறு. இரண்டுக்கும் ஒரு எழுத்துகூடப் பொதுவில் இல்லை. வெட்டும் விடைகளில் ஒன்றாவது உறுதியாகும் வரை இந்த மாதிரி இரட்டை வாய்ப்பை எழுதாமல் விடுவதே நல்லது.

குறிப்பும் விடையும் இலக்கணத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பது கறாரான விதி. குறிப்பு பன்மை என்றால் விடையும் பன்மை. குறிப்பு இறந்தகாலம் என்றால் விடையும் அப்படியே. குறிப்பில் சுருக்கச் சொல் இருந்தால் விடையும் சுருக்கம்தான். பாரிஸ் நகரத்து நண்பர் என்றால் பிரெஞ்சுச் சொல் கேட்கிறார்கள்: மூன்றெழுத்தென்றால் அமி, தோழியாகி நாலெழுத்தென்றால் கடைசியில் ஒரு ஈ கூடும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் குறிப்புக்கு, அதே பொருளில் வாயால் சொல்லக்கூடிய இன்னொரு தொடர் விடையாகும். சதுர அடைப்புக்குள் இருந்தால் தும்மல், பெருமூச்சு மாதிரி சொல்லாக வராத ஒன்றைத் தேடுங்கள். பன்மைக் குறிப்பின் கடைசிக் கட்டத்தில் லேசாக ஒரு 'எஸ்' போட்டுவைப்பது பழைய உத்தி. பெரும்பாலும் பலிக்கும், 'டேட்டா', 'மென்' போன்ற பன்மைகள் வந்தால் அழிக்க வேண்டியிருக்கும்.

இனி தீம் எப்படி அவிழ்கிறது என்பதை ஒரு மாதிரியில் பார்ப்போம். ஐந்து நீள விடைகள்: 3-ஆம் வரிசையில் எட்டெழுத்து, 5-இல் பத்து, 8-இல் ஒன்பது, 11-இல் பத்து, 13-இல் எட்டு. முதல் குறிப்பு 'கம்ப்யூட்டருக்குக் காவல்'. நாலைந்து எழுத்து விழுந்ததும் ஃபயர்வால் என்று தெரிகிறது. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவார்கள். கணினிப் பாதுகாப்புதான் தீம் என்றோ, 'வால்' (சுவர்) என்று முடிவதுதான் தீம் என்றோ முடிவுகட்டி, அடுத்த விடைகளையும் அந்த அச்சில் வார்க்கப் பார்ப்பார்கள். ஒரே விடையை வைத்துத் தீம் சொல்ல முடியாது. இரண்டாவது குறிப்பு 'விதை துப்பிச் சாப்பிடும் பழம்', விடை வாட்டர்மெலன். கணினியும் போயிற்று, சுவரும் போயிற்று. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் படியுங்கள். வாலுக்கும் மெலனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபயரும் வாட்டரும் ஒரு குடும்பம். நெருப்பு, நீர், ஆக வரவேண்டியவை நிலம், காற்று.

உடனே 11-ஆம் வரிசையின் முதல் ஐந்து கட்டத்தில் 'எர்த்' என்பதன் ஐந்து எழுத்தையும், 13-ஆவதின் முதல் மூன்றில் 'ஏர்' என்பதன் மூன்று எழுத்தையும் பென்சிலில் எழுதிவிடலாம். குறிப்பைக்கூட இன்னும் படிக்கவில்லை. அதற்குள் கீழ்ப்பாதியில் எட்டு நெடுக்கு விடைகளுக்கு ஆளுக்கு ஓர் எழுத்து கிடைத்துவிட்டது. மீதி எழுத்துகளைத் தீம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்தெழுத்தில் எர்த்குவேக்கும் பொருந்தும், எர்த்பவுண்டும் பொருந்தும். எட்டில் ஏர்பிளேன், ஏர்பிரஷ், ஏர்ஸ்பேஸ் மூன்றுமே உட்காரும். அதைக் குறிப்பும் வெட்டுகளும்தான் தீர்க்க வேண்டும். 'ரிக்டர் அளவில் பதிவாவது' என்றால் நிலநடுக்கம். 'ஹேங்கரில் நிற்பது' என்றால் விமானம். நடுவில் ஒன்பதெழுத்தில் இருப்பது 'எலிமென்டல்'. அதற்குக் குறிப்பு 'அடிப்படையான. மற்ற நான்கு நீள விடைகளின் தொடக்கத்துக்கும் பொருந்தும்' என்கிற தோரணையில் இருக்கும். இதைத்தான் ரிவீலர் என்பார்கள். (நம் கணக்கில் பூதம் ஐந்து, மேற்கே நான்குதான். ஆகாயம் எங்கே என்று தேடாதீர்கள்.)

ரிவீலர் பெரும்பாலும் நடுவிலோ வலது கீழ் மூலையிலோ இருக்கும். அதன் குறிப்பில் வேறு விடைகளின் எண்களையோ, 'இந்தப் புதிரின் தீம்' என்பதையோ குறிப்பிட்டிருப்பார்கள். புதிரைத் தொடங்கும்போதே குறிப்புப் பட்டியலை ஒரு தரம் மேய்ந்து அதைக் கண்டுபிடித்துவிடுவது ஏமாற்று வேலை அல்ல. இன்னொரு விதியும் உதவும்: ஒரு சொல் புதிரில் ஒரு தரம்தான் வரலாம். தீம் விடையில் 'ஃபயர்' இருந்தால் வேறெங்கும் அது விடையின் பகுதியாக வராது, குறிப்புகளிலும் தவிர்ப்பார்கள். அப்படி வருவதுபோல் தோன்றினால் இரண்டில் ஒன்று தவறு.

பொதுச் சொல் எப்போதும் முன்பாதியில்தான் இருக்கும் என்றில்லை. பின்பாதியில் இருக்கலாம், இரண்டு சொல்லின் இடுக்கில் ஒளிந்தும் இருக்கலாம். 'கேம் லாஸ்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதினால் முதல் ஐந்து எழுத்து கேமல், அதாவது ஒட்டகம். 'மில்லியனேர்' உள்ளே லயன் படுத்திருக்கும். இத்தகைய புதிரில் வழக்கமாகக் கட்டங்களுக்குள் வட்டம் போட்டுக் காட்டிவிடுவார்கள். வட்டத்தைக் கண்டால் அந்த எழுத்துகளை மட்டும் தனியே எடுத்தெழுதிப் பாருங்கள்.

தீம் விடைகளின் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் கடைசியில் கேள்விக்குறி இருந்தால் அது வேறு ரகம். தெரிந்த தொடர் ஒன்றில் ஓர் எழுத்தைச் சேர்த்தோ எடுத்தோ மாற்றியோ, இல்லாத தொடரை உருவாக்கி, அதற்குக் கேலியாகக் குறிப்புக் கொடுத்திருப்பார்கள். ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் விடை எந்த அகராதியிலும் இருக்காது. 'லாயத்தில் தொங்கும் விளக்கு?' என்று பத்தெழுத்தில் ஒரு குறிப்பு. வெட்டுகளை வைத்து 'ஸ்டேபிள் லாம்ப்' என்று வருகிறது. அப்படி ஒரு வழக்கு இல்லையே என்று அழித்துவிடாதீர்கள். இதற்குப் பக்கத்தில் இருக்கும் நிஜமான தொடர் எது என்று கேளுங்கள்: டேபிள் லாம்ப். கூடுதலாக நிற்பது 'எஸ்'. அடுத்த குறிப்பு, அதுவும் பத்தெழுத்து: 'நெரிசலான அலமாரியைக் காலி செய்பவர்?' இடம் உண்டாக்குகிறார், அதாவது ஸ்பேஸ். அதிலிருந்து 'எஸ்'-ஐக் கழற்றினால் பேஸ். பேஸில் தொடங்கும் பழகிய சொல் பேஸ்மேக்கர், விடை ஸ்பேஸ்மேக்கர். நடுவில் பதினோரெழுத்துக்கு 'பால்வீதி?' என்று இருந்தால் காமிக் ஸ்ட்ரிப் உங்களுக்கே காஸ்மிக் ஸ்ட்ரிப் ஆகிவிடும்.

கவனித்தீர்களா, முதல் இரண்டில் 'எஸ்' முன்னால் ஒட்டுகிறது, மூன்றாவதில் நடுவில் புகுகிறது. கண்டிப்பான தொகுப்பாசிரியர் இந்த மூன்றையும் ஒரே புதிரில் விடமாட்டார். இருந்தாலும் இப்படித் தளர்வாக வருவதும் உண்டு. அதனால் எந்த எழுத்து மாறுகிறது என்பதைத்தான் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்; எந்த இடத்தில் என்பதை மூன்றாவது விடை வரும் வரை திறந்தே வைத்திருங்கள். இன்னொன்று, சிறு விடைகளின் குறிப்பிலும் கேள்விக்குறி வரும். அது வெறும் சிலேடைக்கான எச்சரிக்கை. அதற்கும் தீமுக்கும் முடிச்சுப் போட்டால் வழி தவறும்.

வியாழக்கிழமைக்கு வருவோம். அன்று நீங்கள் தவறே செய்யாவிட்டாலும் விடை கட்டத்துக்குள் அடங்காது. ஒரே கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தை அடைக்கும் முறைக்கு ரீபஸ் என்று பெயர். குறிப்பைப் பார்த்தால் விடை சந்தேகமில்லாமல் எஜுகேஷன், ஆங்கிலத்தில் ஒன்பதெழுத்து, கட்டமோ ஏழு. அதை வெட்டும் விடை வெக்கேஷன்தான் என்று படுகிறது, எட்டெழுத்து; கட்டமோ ஆறு. இரண்டிலும் மிஞ்சுவது இரண்டு. மிஞ்சுவதோடு ஒன்றைக் கூட்டுங்கள்: ஒரு கட்டத்தில் மூன்றெழுத்து அடைபட்டிருக்கிறது. இரண்டு சொல்லின் கடைசி ஆறெழுத்தும் ஒன்றேதான்; வெட்டும் கட்டம் எஜுகேஷனில் நான்காவது, வெக்கேஷனில் மூன்றாவது என்றால், அதில் அடைபடும் மூன்றெழுத்து எது? சி, ஏ, டி, அதாவது பூனை. அந்தப் பூனை இன்னும் சில கட்டங்களிலும் பதுங்கியிருக்கும். குறுக்கு விடை மட்டும் மிஞ்சி, அதை வெட்டும் நெடுக்கு விடைகள் எல்லாம் சரியாக அடங்கினால் முதலில் உங்கள் விடையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரீபஸ் கட்டங்கள் ஜோடிக் கணக்குக்கு அடங்கியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நியூயார்க் டைம்ஸ் செயலியில் இதற்கென்றே 'ரீபஸ்' பொத்தான் இருக்கிறது. கணினியில் எஸ்கேப் விசை.

விடை மூலையில் திரும்பி நெடுக்கே இறங்குவது, வலமிருந்து இடமாகப் போவது, எல்லைக்கு வெளியே நீள்வது எல்லாம் வியாழன் சேட்டைகள்தான். எங்கே மிஞ்சுகிறது, எங்கே குறைகிறது என்று எண்ணிப் பார்ப்பதே இவற்றுக்கும் மருந்து.

இந்தச் சேட்டைகளில் உச்சம் 1996 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை வந்தது. அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். ஜெரமையா ஃபாரல் என்ற கணிதப் பேராசிரியர் அமைத்த புதிர். நாளைய நாளிதழின் தலைப்புச் செய்தி என்று குறிப்பு. பக்கத்து விடையான 'எலெக்டட்' என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கிளின்டன் என்று எழுதினாலும் சரி, பாப் டோல் என்று எழுதினாலும் சரி, இரண்டும் ஏழெழுத்து. வெட்டும் ஏழு விடைகளுக்கும் இரண்டு தீர்வு. முதல் கட்டத்தை வெட்டுவது 'கறுப்பு ஹாலோவீன் பிராணி': 'சி' போட்டால் பூனை, 'பி' போட்டால் வௌவால். இரண்டாவது, பிரெஞ்சு முதல் பாடத்துச் சொல்: 'எல்' என்றால் லுய், 'ஓ' என்றால் வீ. வாக்கு எண்ணும் முன்பே முடிவை அறிவித்துவிட்டார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். ஒரே கட்டத்துக்கு இரண்டு எழுத்தும் அப்பழுக்கில்லாமல் பொருந்தி, எந்த வெட்டும் முடிவு சொல்லாவிட்டால், இந்த ரகம்தானோ என்று யோசியுங்கள். அரிதாகத்தான் வரும்.

தீம் தெரிந்தும் ஒரு கட்டம் மட்டும் நிரம்பாமல் நிற்பது உண்டு. தெரியாத ஓர் ஊர்ப் பெயரும் தெரியாத ஓர் ஆள் பெயரும் ஒரே எழுத்தில் வெட்டிக்கொள்ளும் இடம் அது. இதற்கு 'நாட்டிக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2008-இல் ஒரு புதிரில், பாஸ்டன் மாரத்தான் பாதையில் இருக்கும் நாட்டிக் என்ற ஊரும் என். சி. வயத் என்ற ஓவியரும் 'என்' எழுத்தில் வெட்டிக்கொண்டதால் வந்த பெயர். அங்கே யோசித்துப் பயனில்லை. ஐந்து உயிரெழுத்தையும் முதலில் வைத்துப் பாருங்கள், பிறகு ஆர், எஸ், டி, எல், என். இரண்டு பெயரும் வாயில் ஓரளவு இயல்பாக வரும் எழுத்தைப் போட்டுவிட்டு நகருங்கள். ஒரு பெயரைத் தேடிப் பார்ப்பதிலும் கௌரவக் குறைச்சல் இல்லை. அடுத்த முறை அது தெரிந்த பெயராகிவிடும்.

பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் படித்தவர்களுக்கு ஒரு தனி இடைஞ்சல். இங்கே கலர் ஐந்தெழுத்து, டயரில் 'ஒய்' கிடையாது, சென்டர் 'ஈஆர்' என்று முடியும். சாம்பல் நிறத்தின் மூன்றாவது எழுத்து 'ஏ'. குறிப்பில் லண்டன் வாடை அடித்தால் மட்டும் 'ஈ'. இந்த ஒற்றை எழுத்து, வெட்டும் விடையைக் கண்ணுக்குத் தெரியாமல் கெடுத்துவிடும்.

எல்லாக் கட்டமும் நிரம்பியும் செயலி ஏற்க மறுத்தால், முழுவதையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். தவறு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ கட்டம்தான். பெயரும் பெயரும் வெட்டும் இடங்களை முதலில் பாருங்கள். அடுத்து, 'கட்', 'புட்', 'ஹர்ட்' மாதிரி நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம் உள்ள வினைகள் குறிப்பாக வந்த இடங்கள். அங்கே விடை எந்தக் காலத்திலும் இருக்கலாம். 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம் தட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதற்கும் அகப்படாவிட்டால் குறுக்கு விடைகளை மறந்துவிட்டு, மேலிருந்து கீழ்க் குறிப்புகளை மட்டும் முதலிலிருந்து ஒவ்வொன்றாக விடையோடு வைத்துப் படியுங்கள். குறுக்கு விடைகளாலேயே தானாக நிரம்பி, குறிப்பை ஒரு தரம்கூட நீங்கள் படிக்காமல் விட்ட ஒரு நெடுக்கு விடை எங்காவது இருக்கும். தவறு அநேகமாக அதில்தான் உட்கார்ந்திருக்கும்.